அதிகாலை மூன்று மணிக்கு எண்களோடு விழிக்கிறேன்: கட்டுமானத் துறையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி

வெள்ளவத்தை அளவையாளர் எழுதியது:

இதை எழுதி மூன்று தடவை அழித்துவிட்டேன். இது நான்காவது தடவை.

எனக்கு வயது 34. கொழும்பில் ஒரு நடுத்தர ஒப்பந்த நிறுவனத்தில் பதினொரு வருடங்களாக, கட்டட வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளராகப் பணிபுரிகிறேன். 2022ஆம் ஆண்டுக்கு முன்னர் எங்கள் பிரிவில் ஏழு பேர் இருந்தோம். பொருளாதார நெருக்கடி வந்தபோது இருவர் கட்டாருக்கும் ஒருவர் டுபாய்க்கும் ஒருவர் ஆவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். வேலைகள் நின்றுபோயிருந்த காலத்தில் அவர்களுடைய இடங்கள் நிரப்பப்படவில்லை. வேலைகள் மறுபடி தொடங்கிய பின்னரும் நிரப்பப்படவில்லை. இப்போது இராஜகிரியவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் திருத்த வேலை, நகருக்கு வெளியே ஓர் அரச கட்டடத்தின் இறுதிக் கணக்கு ஆகிய மூன்றும் என் மேசையில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலாக, மாதத்துக்கு ஒன்றிரண்டு கேள்விப்பத்திரங்களுக்கு (டெண்டர்) விலை போட வேண்டும்.

நான்கு மாதங்களாக அதிகாலை மூன்று மணியளவில் விழிப்பு வந்துவிடுகிறது. விழிக்கும்போதே தலைக்குள் ஓர் எண் இருக்கும். ஒரு நாள் அது கம்பியின் நிறையாக இருக்கும். இன்னொரு நாள் பில்லில் வெட்டப்பட்ட தொகையாக இருக்கும். போன வாரம், வேலையை முடிக்க மேலதிக நாட்கள் கேட்கும் காலநீடிப்பு அறிவித்தலை 28 நாட்களுக்குள் அனுப்பினேனா என்ற சந்தேகத்தோடு எழுந்து, மனைவியை எழுப்பிவிடக் கூடாதென்று குளியலறைக்குள் மடிக்கணினியைக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். பத்தொன்பதாம் நாளே அனுப்பியிருந்தேன். அதைக் கண்ணால் பார்த்த பின்னரும் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

தொலைபேசி அதிர்ந்தால் வயிற்றைப் பிசைகிறது. பி.ஓ.கியூவின் (அளவு, விலைப் பட்டியல்) ஒரே பக்கத்தை நான்கு தடவை வாசிக்கிறேன். அண்மையில் சதுர மீற்றரில் எழுத வேண்டிய ஒன்றைக் கன மீற்றரில் எழுதிவிட்டேன். பயிற்சிக்காக வந்திருக்கும் ஒரு தங்கச்சி அதைக் கண்டுபிடித்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இத்தனை வருடங்களில் அப்படியொரு பிழையை நான் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, “அப்பா கணக்குப் பார்க்கிறார், கூப்பிட வேண்டாம்” என்று என் நான்கு வயது மகள் அம்மம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. அப்போது நான் பல்கனியில், கையில் ஒன்றுமில்லாமல், கடற்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் இப்படித்தானா, அல்லது எனக்குள் ஏதோ உடைந்திருக்கிறதா? மேலதிகாரியிடம் சொன்னால் அடுத்த பதவியுயர்வில் என் பெயர் இருக்குமா? வைத்தியரிடம் போவதென்றால், வெள்ளவத்தையில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கும் என்பதும் மனதைத் தடுக்கிறது. நேர்மையான பதில்களை எதிர்பார்க்கிறேன்.

சைட் பொறியியலாளர் (22 வருடங்கள்) எழுதியது:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். உங்களுக்குள் எதுவும் உடைந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏழு பேர் சுமந்ததை மூன்று பேர் சுமந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கிறது.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் கொள்ளுப்பிட்டியில் ஓர் உயர்மாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கொங்கிறீட் போட்டுக்கொண்டிருந்தோம். பகல் நெரிசலுக்குள் மிக்சர் லொறிகளைத் தொடர்ச்சியாகக் கொண்டுவர முடியாது என்பதால் பெரிய கொங்கிறீட் வேலைகளை நாங்கள் இரவில்தான் வைப்போம். அன்று இரவு பதினொன்றரை மணிக்குக் கொங்கிறீட் பிளாண்டில் இயந்திரம் நின்றுவிட்டது. ஒரு லொறிக்கும் அடுத்த லொறிக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏற்கனவே போட்ட கொங்கிறீட் இறுகத் தொடங்கிய பிறகு புதியது விழுந்தால் இரண்டும் ஒட்டாமல் கோல்ட் ஜொயின்ட் உண்டாகும், நிலத்தடி நீர் நாளைக்கு அந்த வழியாகத்தான் உள்ளே வரும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிளாண்ட் என் பொறுப்பில் இல்லை. லொறி என் பொறுப்பில் இல்லை. வீதி என் பொறுப்பில் இல்லை. ஆனால் விடிந்ததும், உரிமையாளருக்காக வேலையைச் சரிபார்க்கும் ஆலோசகருக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவன் நான்.

இரண்டு மணியளவில் நெஞ்சு இறுகியது, இடது கை மரத்தது, மூச்சு எட்டவில்லை. மேசன் பாஸ் ஒருவர்தான் என்னை முச்சக்கரவண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. இளம் வைத்தியர் ஒருவர் என் கட்டிலருகே உட்கார்ந்து, “ஐயா, கடைசியாக எப்போது ஓர் இரவு முழுவதும் தூங்கினீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வந்தது மாரடைப்பு அல்ல, கடுமையான பதற்றத் தாக்கம் என்று அவர் விளக்கினார்.

அலுவலகத்தில் நான் அதைச் சொல்லவில்லை. கேஸ்ட்ரிக் என்று சொன்னேன். ஒரு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த நாட்டில் கேஸ்ட்ரிக் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய பயமும் துக்கமும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

பிறகு வாசித்தபோது, ரொபர்ட் கராசெக் என்பவர் 1979இலேயே இதை விளக்கியிருக்கிறார் என்று அறிந்தேன். ஒருவரிடம் கேட்கப்படுவது மிக அதிகமாகவும், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை மிகக் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனம் அதிகமாக நெரிகிறது என்பது அவருடைய கருத்து. உங்கள் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். வரைபடம் எப்போது வரும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. உரிமையாளர் எந்த மாடியில் எந்தச் சுவரை இடித்து மாற்றச் சொல்வார் என்பதையும் பணம் எப்போது வரும் என்பதையும் நீங்கள் தீர்மானிப்பதில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றினதும் விலை உங்கள் எக்செல் தாளில் வந்து விழுகிறது. ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகத்தில் 20.1ஆம் பிரிவின்படி, சம்பவம் தெரியவந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்காவிட்டால் காலநீடிப்பும் இல்லை, மேலதிகப் பணமும் இல்லை. கோடிக்கணக்கான ரூபாய்க்குரிய ஒரு திகதியைத் தனியொரு மனிதனின் நினைவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்று மணிக்கு விழிப்பு வராவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

ஆகவே இரண்டு காரியங்களை உடனே செய்யுங்கள். முதலாவதாக, எல்லாத் திட்டங்களினதும் அறிவித்தல் திகதிகளை ஒரே பதிவேட்டில் போட்டு, இன்னொருவரும் அதைப் பார்க்கும்படி வையுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இருவரும் பத்து நிமிடம் அதன் முன்னால் உட்காருங்கள். திகதி இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது இரவில் ஒருவரைத் தேடி வருவது குறையும், எனக்குக் குறைந்தது. இரண்டாவதாக, இப்போது கையில் இருக்கும் வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் மணித்தியாலங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். மேலதிகாரியிடம் போய் மன அழுத்தம் என்று தொடங்க வேண்டாம். “வாரத்துக்கு இவ்வளவு மணித்தியால வேலை இருக்கிறது, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எதை முதலில் முடிக்கட்டும்?” என்று எழுத்தில் கேளுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வகுத்திருக்கிறது. நிறைவேற்றுத் தரம் என்ற பெயர் கிடைத்தவுடன் அந்தக் கணக்கையே நாங்கள் மறந்துவிடுகிறோம்.

மறுதரப்பிலிருந்து எழுதியது:

நான் ஆலோசகர் தரப்பில் பணிபுரியும் பெண் அளவையாளர். சொல்லப்போனால், உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் பில்லை வெட்டுபவள். மேசையின் இந்தப் பக்கத்திலும் அதே மூன்று மணி விழிப்பு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டிக் கொடுத்தால் உரிமையாளர் சந்தேகிக்கிறார். குறைத்துக் கொடுத்தால் ஒப்பந்ததாரர் வந்து கத்துகிறார். இரண்டு தரப்பும் கோபப்படுவதற்காகவே நடுவில் ஒருவரை வைத்திருப்பது போல எனக்குப் பல நாட்கள் தோன்றியிருக்கிறது.

மேலே அண்ணா சொன்ன பதிவேட்டு யோசனையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வேலைப் பட்டியலோடு மேலதிகாரியிடம் போவதைப் பற்றி எனக்கு வேறு அனுபவம் உண்டு. முன்பு நான் இருந்த நிறுவனத்தில் அப்படியே செய்தேன். பட்டியலைப் பொறுமையாக வாசித்தார்கள், நன்றி சொன்னார்கள், அடுத்த மாதம் என்னை ஒரு சிறிய திட்டத்துக்கு மாற்றினார்கள். “உங்களுக்குக் குடும்பமும் இருக்கிறதுதானே” என்ற வாக்கியத்தோடு அந்த மாற்றம் வந்தது. என்னோடு அதே சுமையைச் சுமந்த ஆண் ஒருவரிடம் யாரும் அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகவே தனியாகப் போகாதீர்கள். உங்கள் பிரிவில் எஞ்சியிருக்கும் மற்ற இருவரோடும் முதலில் கதையுங்கள்; மூவருடைய மணித்தியாலங்களையும் ஒரே தாளில் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒருவர் கொண்டுபோனால் அது அந்த நபரின் பலவீனம் என்று வாசிக்கப்படும். மூவர் கொண்டுபோனால் அது பிரிவின் ஆட்பற்றாக்குறை என்று வாசிக்கப்படும்.

2022ஐப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை. எனக்கு அது ஒரு காயமாகவே நிற்கிறது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. கம்பி விற்பவர்கள் காலையில் தந்த விலைக்கு மாலையில் உத்தரவாதம் தர மறுத்தார்கள். மின்வெட்டுக்கு நடுவில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு பொருட்களின் விலை ஏறும்போது ஒப்பந்தத் தொகையைத் திருத்தும் விலைமாற்றச் சூத்திரத்துக்குரிய சுட்டெண்களைப் போட்டுப் பார்த்தோம். கடை விலைக்கும் சுட்டெண்ணுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போனது. அந்த இடைவெளிக்குள் சிறிய ஒப்பந்ததாரர்கள் விழுந்து மறைவதை, அவர்களுடைய விண்ணப்பங்களை நிராகரிக்கும் கடிதங்களில் கையெழுத்து வைத்தபடி, பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடிதங்கள் ஒப்பந்தப்படி சரியானவை. ஆனாலும் அந்த மனிதர்களுடைய முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்றையும் தமிழர்களாகிய நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். எங்களில் பலருக்கு ஒப்பந்தம் ஆங்கிலத்தில், சைட் கூட்டம் சிங்களத்தில், வீடு தமிழில் நடக்கிறது. மூன்று மொழிகளிலும் வேலையைச் செய்துவிடலாம். வாக்குவாதம் சூடாகும்போது, யோசித்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு விநாடிகளுக்குள் கதை என் கையை விட்டுப் போயிருக்கும். கூட்டம் முடிந்த பிறகு, காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு, சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தமிழில் எனக்குள் சொல்லிக்கொண்டு வருவேன். இதையும் ஒரு வேலைச் சுமையாக யாரும் கணக்கெடுப்பதில்லை. இப்போது முக்கியமான கூட்டங்களுக்கு முந்தைய நாளே என் நிலைப்பாட்டை அரைப் பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். கூட்டத்தில் அந்தத் தாளை முன்னால் வைத்துக் கதைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு வருகிறது. என் மூச்சும் சீராக இருக்கிறது.

சிறு ஒப்பந்ததாரர் எழுதியது:

நான் முதலாளி தரப்பு. என் கருத்து இங்கே பலருக்குப் பிடிக்காமல் போகலாம், என்றாலும் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

நல்ல காலத்திலேயே, ஃபிடிக் 1999இன்படி எங்கள் பில் பொறியியலாளரின் கைக்குப் போன நாளிலிருந்து பணம் வருவதற்கு 56 நாட்கள் வரை செல்லலாம். அந்த 56 நாட்களுக்கும் கூலியையும் சீமெந்தையும் வங்கி மேலதிகப்பற்றில்தான் ஓட்டுகிறோம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே மாதங்களில் அரச வேலைகளுக்கான கொடுப்பனவுகள் நின்றன. எனக்கு வர வேண்டிய பணத்துக்கு யாரும் வட்டி தரவில்லை. நான் கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறியது. என் மனைவியின் நகைகள் இரண்டு வருடங்கள் அடகில் இருந்தன. இந்த நிலையில் ஓர் ஊழியர் வந்து தாங்க முடியவில்லை என்று சொன்னால், “எல்லோரும்தான் தாங்குகிறோம்” என்பதுதான் என் வாயில் வந்த பதில்.

அந்தப் பதிலை என் மேற்பார்வையாளர் ஒருவரிடமும் சொன்னேன். நல்ல மனிதர், பதினான்கு வருடங்கள் என்னோடு இருந்தவர். சில வாரங்களின் பின்னர், தூக்கமில்லாத ஒரு காலையில், சாரக்கட்டின் பிணைப்பைச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாகக் கையெழுத்து வைத்துவிட்டார். பலகை ஒன்று நான்காம் மாடியிலிருந்து விழுந்தது. கீழே நின்ற பையன் தண்ணீர் குடிக்க இரண்டு அடி தள்ளிப் போயிருந்தான். அந்த இரண்டு அடியை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் நடுங்குகிறது. களைத்த மனம் வீட்டுப் பிரச்சினை, பாதுகாப்பு சைட் பிரச்சினை என்று பிரித்து வைத்திருந்தேன். அப்படிப் பிரிக்க முடியாது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கெடுத் திகதி கெடுத் திகதிதான், அதில் என் எண்ணம் மாறவில்லை. தாமத நட்டஈடு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அது யாருடைய மனநிலையையும் கேட்பதில்லை. ஆனால் என் கையில் இருந்த சில விடயங்களை மாற்றினேன். ஒரே வாரத்தில் இரண்டு கேள்விப்பத்திரங்கள் முடிவடைந்தால் ஒன்றை விட்டுவிடுகிறேன். முதல் தடவை விட்டபோது வயிறு எரிந்தது. பிறகு கணக்குப் பார்த்தேன்: அவசரத்தில் விலை போட்டு வென்ற வேலைகளில்தான் நான் அதிகம் இழந்திருந்தேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு வட்ஸ்அப் குழுவில் விபத்தைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை, நானும் உட்பட. ஒருவர் லீவில் போனால் அவருடைய கோப்பை யார் பார்ப்பார் என்பதை அவர் போவதற்கு முன்னரே தாளில் எழுதுகிறோம். இதற்கெல்லாம் செலவில்லை. தம்பி, உங்கள் முதலாளிக்கும் என்னைப் போல ஒரு வங்கி முகாமையாளர் இருப்பார். அவரிடம் போகும்போது, தனியொருவர் களைப்பில் விடும் ஒரு பிழையால் நிறுவனத்துக்கு எவ்வளவு போகும் என்பதை ரூபாயில் எழுதிக்கொண்டு போங்கள். நாங்கள் வாசிக்கும் மொழி அதுதான். அது பெருமைக்குரிய விடயம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மனநல வைத்தியர், கொழும்பு எழுதியது:

நேரில் பார்க்காமல் யாருக்கும் நோய் நிர்ணயம் செய்ய முடியாது; பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல், தனது சர்வதேச நோய் வகைப்பாட்டின் பதினொராவது பதிப்பில், வேலைக் களைப்பு முற்றிய நிலையைத் தொழில்சார் தோற்றப்பாடு என்று வரையறுத்தது. அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தமே அதன் காரணம் என்றும் அந்த வரையறை சொல்கிறது. அதாவது, காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்பதை வரையறையே ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் இந்த எல்லையைத் தாண்டி அது மனச்சோர்வு நோயாகவோ பதற்ற நோயாகவோ மாறியிருக்கக்கூடும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. விடுமுறையிலும் மனம் தெளியவில்லை, பிள்ளையோடு விளையாடுவது போன்ற பிடித்த காரியங்களிலும் விருப்பம் போய்விட்டது, வழக்கத்தைவிடப் பல மணித்தியாலங்கள் முன்னதாக விழித்து மறுபடி தூங்க முடியவில்லை, பசியும் நிறையும் குறைகின்றன, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம் வருகிறது என்பவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உங்களுக்கு நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இனியும் காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடமே போகலாம். தைரொயிட், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சுவலி வந்தால், மேலே எழுதியவருக்கு நடந்தது போல, இதயத்தை முதலில் பரிசோதித்த பிறகே பதற்றம் என்ற முடிவுக்கு வர வேண்டும். பார்மசியில் தெரிந்தவரிடம் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதையும் தூக்கத்துக்காக மது குடிப்பதையும் தயவுசெய்து தவிருங்கள். மதுவினால் தூக்கம் கெதியாக வரும், நள்ளிரவுக்குப் பின் உடைந்துவிடும்.

தெரிந்த முகங்களைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன், அதைச் சிறிதாக எண்ணவில்லை. நீங்கள் வைத்தியரிடம் சொல்வதை உங்கள் அனுமதியின்றி உங்கள் முதலாளியிடம் சொல்ல அவருக்கு உரிமையில்லை. வெள்ளவத்தையில் போகத் தயக்கமாக இருந்தால் வேறொரு பகுதிக்குப் போங்கள். முகம் காட்டாமல் தொடங்க விரும்பினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் கதைக்கலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பிலும் பெயர் சொல்லாமல் மனம் விட்டுக் கதைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருந்தால் இன்றே அழையுங்கள், இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றி ஒன்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். நீங்கள் எழுதிய விபரங்களைப் பார்த்தால் 55ஐத் தாண்டியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

முதலாளி நண்பருக்கும் ஒரு வார்த்தை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. பின்னர் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதற்கு, மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டதே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். துயரப்பட்டவர்களிடம் மனவுறுதியோடு இருங்கள் என்று உபதேசம் செய்து அந்த உயிர்கள் காக்கப்படவில்லை. அவர்களைச் சுற்றியிருந்த நிலைமை மாற்றப்பட்டது. ஏழு மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பை நிறுத்தியதும் ஒரு கேள்விப்பத்திரத்தை விட்டதும் அந்த வகையான வேலைகள். ஊழியர்களுக்கு அரை நாள் யோகா வகுப்பு வைப்பதைவிட அவை மேலானவை என்று உறுதியாகச் சொல்வேன்.

பிரிஸ்பேனிலிருந்து எழுதியது:

நானும் உங்களைப் போல அளவையாளர்தான், 2022இல் கொழும்பை விட்டு இங்கே வந்துவிட்டேன். என் இடத்தை நிரப்பாமல் யாரோ ஒருவர் சுமக்கிறார் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கேள்வியை வாசித்தபோது அது மறுபடி குத்தியது.

வெளிநாடு வந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்கேயும் கெடுத் திகதி இருக்கிறது, இங்கேயும் தூக்கம் கெடுகிறது. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்ல வேண்டும். குயின்ஸ்லாந்தில் 2008இல் தொடங்கப்பட்ட மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற அமைப்பு, சைட்டில் வேலை செய்பவர்களுக்கே பயிற்சி கொடுக்கிறது. பயிற்சி பெற்றவர் தன் தலைக்கவசத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறார். கம்பி கட்டுபவரோ பொறியியலாளரோ, அந்த ஸ்டிக்கரைக் கண்டால் இவரிடம் கதைக்கலாம் என்று தெரியும். நான் முதன்முதலில் கதைத்தது ஒரு கிரேன் இயக்குநரிடம். தேநீர் இடைவேளையில், பத்து நிமிடம். கொழும்பில் இருந்த ஒன்பது வருடங்களில் அப்படிப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே இருக்கும் பொறியியலாளர், அளவையாளர் நிறுவகங்கள் தொடர் தொழில்சார் கற்கையில் ஒப்பந்தச் சட்டத்தையும் மென்பொருளையும் சொல்லிக்கொடுப்பது போல இதையும் சேர்க்கலாமே.

வெள்ளவத்தை அளவையாளர் எழுதியது:

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் என் நன்றி.

ஒரு வியாழக்கிழமை இரவு 1926க்கு அழைத்தேன். தமிழில் கதைத்தார்கள். அவர்கள் சொன்னபடி மறுவாரம் கிருலப்பனையில் ஒரு வைத்தியரைப் பார்த்தேன். இரத்த அழுத்தம் 150க்கு 95. மற்றப் பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன. மருந்து ஒன்று தொடங்கியிருக்கிறேன், இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறைக்குள் வெளிச்சம் எரிவது தனக்கு முதல் மாதத்திலிருந்தே தெரியும் என்றும், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்ததாகவும் அவர் சொன்னார்.

அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்கள் மூவருக்கும் சேர்த்து வாரத்துக்கு 214 மணித்தியால வேலை இருக்கிறது. அதுவரை தனக்கு மட்டும்தான் இப்படி என்று மற்ற இருவரும் நினைத்திருந்தார்கள். தாளை மேலதிகாரியிடம் கொடுத்தோம். சதுர மீற்றரும் கன மீற்றரும் மாறிய அந்தப் பிழை போயிருந்தால் எவ்வளவு என்பதையும் ரூபாயில் எழுதினோம். அவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒருவரை எடுக்க இப்போது அனுமதி கிடைக்காது என்றார். அரச கட்டடத்தின் இறுதிக் கணக்கை வெளியே ஒருவரிடம் கொடுப்பதற்கு மட்டும் இயக்குநரிடம் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. பதவியுயர்வைப் பற்றி நான் கேட்கவில்லை.

பதிவேட்டைத் தொடங்கிவிட்டோம். முதல் திங்கட்கிழமையே, யாருடைய கவனத்திலும் இல்லாத ஓர் அறிவித்தல் வெளியே வந்தது. கொள்ளுப்பிட்டி வேலையில், 28 நாட்களில் இன்னும் ஆறு நாட்கள்தான் மீதம். வரைவை எழுதியிருக்கிறேன். ஆனால் சம்பவம் தெரியவந்த நாள் என்று எதை எடுப்பது, வாய்மூல அறிவுறுத்தல் தந்த நாளா அல்லது கூட்டக் குறிப்பு வந்த நாளா என்பதில் எனக்குத் தெளிவில்லை. முன்பென்றால் இதை வைத்துக்கொண்டு தனியாக இரவைக் கழித்திருப்பேன்.

சைட் பொறியியலாளர் (22 வருடங்கள்) எழுதியது:

வாய்மூல அறிவுறுத்தல் தந்த நாளையே எடுங்கள் தம்பி, முந்திய திகதியைப் பிடிப்பதுதான் பாதுகாப்பு. பெயர்களையும் தொகைகளையும் நீக்கிவிட்டு வரைவைத் தனிமடலில் அனுப்புங்கள். ஞாயிறு காலையில் வாசித்துத் தருகிறேன். சனிக்கிழமை இரவு அதைத் திறக்க வேண்டாம்.